திருமண நாளுக்குச் சென்னை போவோமா?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். இந்த முறை கொஞ்சம் சந்தோஷமான விஷயம் இருக்கட்டும் என்று செயலாளர் சொன்னார். திருமண நாளுக்குச் சென்னைக்கு இரண்டு நாள் போய்வருவது எப்படி என்று பேசச் சொன்னார். நான் ஒன்றும் சுற்றுலா நிபுணன் இல்லை. ஒருமுறை தப்பாகத் திட்டமிட்டேன், அடுத்த முறை ஓரளவு சரியாகத் திட்டமிட்டேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாகச் சென்னைக்கு எதற்காகப் போனீர்கள்? ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருப்பீர்கள். சொந்தக்காரர் கல்யாணம், மகளுக்குப் பிரசவம், பையனுக்குக் கல்லூரி அட்மிஷன் என்று போனவர்கள் இருப்பீர்கள். "நாங்கள் ரெண்டு பேரும் சும்மா போய்விட்டு வந்தோம்" என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? கூட்டத்தில் இதைக் கேட்டபோது இரண்டு கைகள்தான் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. அதுவும் முப்பது வருடத்துக்கு அப்புறம் வந்த கை.

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு நாங்கள் சென்னைக்குப் போனோம். சித்தப்பா மகன் வீட்டில் தங்கினோம். அவர்கள் அன்பாகத்தான் கவனித்தார்கள். ஆனால் விருந்தாளியாகப் போன வீட்டில் ஒரு பெண் காலை எட்டு மணி வரை தூங்க முடியுமா? என் துணைவியார் ஐந்தரை மணிக்கே எழுந்து சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டு இருந்தார். நானோ கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். இரண்டு நாளில் ஒன்பது இடம். ஒன்பதையும் முடித்தோம். திரும்பி வரும்போது அவர் கால் வீங்கியிருந்தது. ரயிலில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நம்ம வீட்டுலயே இருந்திருந்தா மத்தியானம் ஒரு மணி நேரமாவது படுத்திருப்பேன்."

அந்த வாக்கியத்தை நான் ஐந்து வருடம் யோசித்தேன். பிறகு புரிந்தது. திருமண நாள் பயணம் என்பது ஊர் பார்க்கும் பயணம் இல்லை. வீட்டை வருடம் முழுக்கச் சுமக்கிறவர் இரண்டு நாள் அதைக் கீழே வைக்கும் பயணம். பெரும்பாலான வீடுகளில் சுமக்கிறவர் மனைவி. சில வீடுகளில் கணவர். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த ரயில், எங்கே தங்குவது, என்ன பார்ப்பது எல்லாவற்றுக்கும் விடை தானாகக் கிடைக்கும்.

முப்பதாவது வருடம் மறுபடி போனபோது நாங்கள் செய்த முதல் வேலை இதுதான். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு எடுத்துக்கொண்டோம். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது. ஆளுக்கு மூன்று ஆசை மட்டும். நான் அருங்காட்சியகம், கடற்கரை, நல்ல பிரியாணி என்று எழுதினேன். அவர் சீட்டில் இருந்தது: "எட்டு மணி வரை தூங்க வேண்டும். வேறு யாராவது போட்ட காபியை உட்கார்ந்து குடிக்க வேண்டும். கபாலீஸ்வரர் கோயிலுக்கு அவசரமில்லாமல் போக வேண்டும்." அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. முப்பது வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். "நீங்க சொன்னா சரிங்க", "உனக்கு எது பிடிக்குதோ அதையே செய்வோம்" என்ற பேச்செல்லாம் சீட்டில் செல்லாது. ஆறு ஆசைகள்தான் உங்கள் திட்டம். ஏழாவதைச் சேர்க்காதீர்கள்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1886-ல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதியோடு சேர்ந்து படித்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். சட்ட மேலவையில் அமர்ந்தது, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியது, அவ்வை இல்லம் தொடங்கியது எல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அவருடைய திருமணக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை அவர் மணந்தபோது ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் திருமணத்துக்கே சம்மதித்தார். நூறு வருடத்துக்கும் முன்னால்! நாம் துண்டுச் சீட்டில் மூன்று ஆசை எழுதச் சொல்வது அதற்கு முன்னால் மிகச் சின்ன விஷயம்.

நம் பகுதியில் பலருக்குச் சென்னை அறிமுகமானதே அவர் 1954-ல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையின் வாசலில்தான். கவலையோடு போய் நின்ற ஊர் அது. அதனால்தான் ஒருமுறையாவது கவலை இல்லாமல் அந்த ஊருக்குப் போய்வர வேண்டும் என்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

முதலில் தேதி. திருமண நாளன்றேதான் போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நம்மில் பலருக்கு வைகாசியில் கல்யாணம் நடந்திருக்கும். மே, ஜூனில் சென்னை வெயிலும் வியர்வையும் உங்களைச் சண்டை போட வைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அங்கே அடைமழைக் காலம். திருமண நாளன்று காலையில் இங்கேயே கோகர்ணேஸ்வரரையும் பிரகதாம்பாளையும் தரிசித்துவிட்டு, பாயசத்தோடு சாப்பிடுங்கள். பயணத்தை மார்கழிக்கோ தைக்கோ தள்ளி வையுங்கள். பொங்கல் விடுமுறை வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அப்போது ரயிலில் இடம் கிடைக்காது.

அடுத்தது ரயில். ராமேஸ்வரத்திலிருந்து வரும் இரவு ரயில்கள் நமக்குப் பழக்கமானவை. அதில் ஒரு எச்சரிக்கை. இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு நம் நிலையத்துக்கு வரும் ரயிலுக்கு மறுநாள் தேதியில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு என்று நினைத்து வெள்ளிக்கிழமைத் தேதி போட்டுவிட்டு, ரயில் முந்தைய இரவே போய்விட்ட கதையை நம் வளாகத்திலேயே கேட்டிருக்கிறேன். திரும்பும்போதும் நள்ளிரவு தாண்டி இறங்க நேரலாம். ஆட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

என் சிபாரிசு பல்லவன் எக்ஸ்பிரஸ். காரைக்குடியில் அதிகாலையில் கிளம்பி நம் புதுக்கோட்டை வழியாக நண்பகலில் சென்னை சேர்கிறது. பிற்பகலில் அங்கிருந்து புறப்பட்டு இரவில் நம்மை இறக்கிவிடுகிறது. உட்கார்ந்து போகும் ரயில் என்பதால் சிலர் தயங்குவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். நீங்களும் உங்கள் துணையும் ஆறு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடைசியாக எப்போது பேசினீர்கள்? எங்கள் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்த ரயில்தான். விருத்தாசலம் தாண்டும் வரை பழைய கதைகளைப் பேசிக்கொண்டே போனோம்.

முன்பதிவு பற்றி மூன்று விஷயம். முன்பு 120 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு முன்பதிவு தொடங்கும். இரண்டாவது, முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பழைய நினைப்பில் கணக்குப் போடாதீர்கள். மூன்றாவது, இரவு ரயிலில்தான் போவேன் என்பவர்களுக்கு. சலுகை இல்லாவிட்டாலும் கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு இருக்கிறது. கணவருக்கு 60 வயது, மனைவிக்கு 45 வயது நிறைந்திருந்தால், இருவர் மட்டும் ஒரே டிக்கெட்டில் அந்த ஒதுக்கீட்டில் கேட்கலாம். மூன்றாவது ஆளைச் சேர்த்தால் அது கிடைக்காது. "பேரனையும் கூட்டிட்டுப் போகலாமே" என்று யாராவது சொன்னால் இந்த விதியைக் காட்டுங்கள்!

எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணி நடக்கும் காலத்தில் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துவதுண்டு. கிளம்பும் முன் எந்த நிலையம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்தில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேதான் போய் நிற்கின்றன. அங்கிருந்து எழும்பூர் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். அந்த நேரத்தையும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

தங்குமிடம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். சொந்தக்காரர் வீடு வேண்டாம். அவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. "இந்தத் தடவை கல்யாண நாளுக்காக வந்திருக்கோம். அடுத்த தடவை உங்க வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருக்கோம்" என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். நல்ல உறவுக்காரர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். சாப்பாட்டுச் செலவையோ புடவைச் செலவையோ குறைத்துக்கொண்டாவது அறைக்குப் பணம் ஒதுக்குங்கள். யாரும் கதவைத் தட்டாத ஒரு அறைதான் இந்தப் பயணத்தில் முக்கியமான செலவு.

அறை எடுக்கும்போது தொலைபேசியில் நான்கு கேள்வி கேளுங்கள். நீங்கள் உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா, அல்லது பகல் 12 மணிக் கணக்கா? லிஃப்ட் இருக்கிறதா? கழிப்பறை மேல்நாட்டு முறையா? முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா? நம் வயதுக்காரர்களுக்கு முட்டிவலி என்பது ரகசியம் இல்லை. எழும்பூர், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ஆகிய மூன்றில் ஒன்றில் தங்கினால் அலைச்சல் குறையும். இருவருடைய ஆதார் அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடிக் கிடைத்த ஏதோ ஒரு கைபேசி எண்ணை நம்பி முழுப் பணத்தையும் அனுப்பிவிடாதீர்கள்.

என்ன பார்ப்பது? ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். ஒன்று காலையில், ஒன்று மாலையில். மத்தியானம் தூக்கம். இது சோம்பேறித்தனம் இல்லை. சென்னையில் மத்தியானம் கோயில்களும் நடை சாத்தியிருக்கும், வெயிலும் உச்சியில் இருக்கும். நாங்கள் சனிக்கிழமை போய்த் திங்கள்கிழமை திரும்பினோம். சனிக்கிழமை மதியம் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து மாலையில் மயிலாப்பூர் போனோம். கபாலீஸ்வரரை வணங்கிவிட்டு மாட வீதிகளைச் சுற்றி வந்தோம். என் துணைவியார் கொலுப் பொம்மைக் கடையில் முக்கால் மணி நேரம் நின்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய சாதனை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு எழுந்தோம். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போனோம். அது 1851-ல் தொடங்கியது. அமராவதிச் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம். அதற்கு முன் நம் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தை ஒரு நாள் பார்த்துவிடுங்கள். 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் நம் வாசலில் இருக்கிறது. இந்த வளாகத்தில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்? அதைப் பார்த்துவிட்டு எழும்பூர் போனால் இரண்டின் அருமையும் தெரியும்.

மாலை மெரினா. மணலில் நடக்க முடியாதவர்களுக்காக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-ல் மரப்பாதை போட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்ட அந்தப் பாதை வழியாகத் தண்ணீருக்குப் பக்கம் வரை போகலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள்கூட அலையைக் கிட்டத்தில் பார்க்கலாம். அலையில் இறங்கிக் குளிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். அந்தக் கடல் இழுக்கும். ஞாயிறு மாலைக் கூட்டம் பிடிக்காதவர்கள் விடியற்காலையில் போகலாம், துணைக்குத் தூக்கம் முக்கியமில்லை என்றால்!

வேறு ஆசை உள்ளவர்களுக்கு: முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு முதல் கேரள வீடு வரை பழைய வீடுகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதற்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மார்கழியில் போனால் ஏதாவது ஒரு சபாவில் கச்சேரி கேளுங்கள், அப்படியே சபா கேண்டீனில் சாப்பிடுங்கள். மேடையில் கஞ்சிரா இருந்தால் துணையின் காதில் மெதுவாகச் சொல்லுங்கள், "அதைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தது நம்ம புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை" என்று. சாப்பாட்டில் ஒரு அறிவுரை: அங்கே போய் நம் ஊர் முட்டை மாஸைத் தேடாதீர்கள். அது இங்கேயே இருக்கும், திரும்பி வந்து சாப்பிடலாம்.

ஊருக்குள் போக மெட்ரோ ரயில் வசதி. எழும்பூரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. ஆண்கள் ஒரு டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு மனைவியின் பெருமையைக் கேட்டபடி போகலாம்.

திங்கள்கிழமை காலையில் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். பிற்பகல் ரயில் வரை அது வெற்று நேரம். நாங்கள் ஒரு ஓட்டலில் ஒன்றரை மணி நேரம் காபி குடித்தோம். வேறு யாரோ போட்ட காபி. பேசாமல்கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். வீட்டில் பேசாமல் இருப்பது வேறு, அப்படி உட்கார்ந்திருப்பது வேறு.

கடைசியாக ஒரு விஷயம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் பேசினேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு உங்களில் சிலர் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது: "நாங்க எங்க போறது? வீட்டுல அம்மா இருக்காங்க. அவங்களை யார் பார்த்துக்குவா?" காசு இல்லாமல் போகாதவர்களை விட, இந்தக் காரணத்தால் போகாதவர்கள்தான் நம் வளாகத்தில் அதிகம் என்று நினைக்கிறேன். பத்து வருடமாக ஒரு இரவுகூட வெளியே தங்காத தம்பதி நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் யாரிடமும் கேட்க மாட்டார்கள். கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பார்கள்.

நம் வளாகத்தில் ஜெனரேட்டருக்கு முறை போட்டுப் பார்த்துக்கொள்கிறோம், மோட்டாருக்கு முறை போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். ஒரு பெரியவருக்குக் காலையில் காபியும் மாத்திரையும் கொடுத்து, இரவில் ஒரு ஆள் துணைக்குப் படுத்துக்கொள்ள முறை போட முடியாதா? இரண்டே நாள்தான். சங்க அலுவலக அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று உதவத் தயாராக இருப்பவர்கள் வீட்டு எண்ணை எழுதலாம். எதிர்ப்பக்கத்தில் "நாங்கள் போக வேண்டும்" என்பவர்கள் தேதியை எழுதலாம். காரணம் எழுத வேண்டாம். யாரும் கேட்கவும் மாட்டார்கள். கிளம்பும் முன் மாத்திரைப் பெட்டியில் காலை, மதியம், இரவு என்று தனித்தனியாகப் போட்டு வையுங்கள். டாக்டர் எண்ணையும் பிள்ளைகள் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். பெரியவருக்குப் பழக்கமான வீட்டுக்காரரையே கேளுங்கள், முந்தைய நாளே ஒருமுறை வரச்சொல்லிப் பேசவையுங்கள். கேஸ் வால்வையும் பால்காரரையும் மறக்க வேண்டாம்.

முதல் பக்கத்தில் எங்கள் வீட்டு எண்ணை எழுதிவிட்டேன். எழுதச் சொன்னதே என் துணைவியார்தான். "நாம போயிட்டு வந்துட்டோம்ல, அவங்களும் போகட்டும்" என்றார். எதிர்ப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குள் அதில் ஒரு தேதியாவது வந்திருந்தால், இன்று பேசியது வீண் போகவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.